எதிர்க்கட்சித் தலைவருக்கு நான் போட்ட மாலை

பேப்பர் விற்கிறவன் பேப்பரை வாசிக்கக் கூடாது. சாராயக்கடைக்காரன் குடிக்கக் கூடாது என்பதற்கு என்ன காரணமோ, இதற்கும் அதே காரணம்தான். நான் வாசித்தேன். அதனால்தான் எங்கள் ஆட்கள் மத்தியில் குணரத்தினம் என்று கேட்டால் என்னை யாருக்கும் தெரியாது. வேறொரு பெயர் சொன்னால் குழந்தைப்பிள்ளையும் வீட்டைக் காட்டும்.

லண்டனின் தெற்கே, மிச்சம் என்கிற இடத்தில், ட்ராம் தரிப்பிடத்துக்குக் கிட்ட எனக்கொரு சின்னக் கடை இருந்தது. பால், பாண், சிகரெட், லொத்தர், ஒரு மூலையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும். விடியும் முன்பே பத்திரிகைக் கட்டுகள் வாசலில் வந்து விழும். அவிழ்த்து அடுக்குவதற்குள் எல்லாவற்றையும் ஒரு மேய்ச்சல் மேய்ந்துவிடுவேன். ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இங்கிலீஷையும் அரசியலையும் எனக்குச் சொல்லித்தந்தவை அந்தப் பேப்பர்கள்தான். காலை வெளிக்கிறதுக்குள் நாலைந்து ஆசிரியர் தலையங்கங்களை விழுங்கினவனுக்கு வாய் சும்மா இருக்குமா? (இருக்கவில்லை.)

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒரு பொதுத்தேர்தல் வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் இந்த முறை பிரதமராக வருவாரா, மாட்டாரா என்பதுதான் எங்கும் பேச்சு. வரமாட்டார் என்று பேப்பர்கள் எழுதின. வருவார் என்று நான் சொன்னேன். என்னிடம் ஆதாரம் இருந்தது. பால் வாங்க வந்த வெள்ளைக்காரர் அத்தனை பேரும் அரசாங்கத்தைத் திட்டினார்கள். போன தேர்தலுக்கு முன்பும் இதே ஆட்கள் இப்படியே திட்டிவிட்டு, நேராகப் போய் அதே அரசாங்கத்துக்கே வாக்குப் போட்டதை நான் வசதியாக மறந்துவிட்டேன்.

கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் நல்ல வாசகங்களைப் பொறுக்கி வைப்பது என் பழக்கம். பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா அந்தத் தலைவரைப் பற்றி இப்படிச் சொன்னார்: “கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மழையில் நனைகிறவருக்குக் குடை பிடிக்கிற ஆளாகத் தெரியவில்லை. குடை விற்கிற ஆளாகத்தான் தெரிகிறார்.” எனக்கு அது மிகவும் பிடித்துப்போய், வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொல்லிக்காட்டினேன். அதிலேயே தேர்தல் முடிவு இருந்தது. சொன்ன எனக்குத்தான் விளங்கவில்லை.

வாயோடு போயிருந்தால் பரவாயில்லை. சிவனேசனின் விஷயமும் இதற்குள் வந்து மாட்டிக்கொண்டது.

சிவனேசன் என் கடையில் வேலை செய்தவன். பிரான்ஸில் சில காலம் அலைந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். இங்கே இருக்கலாம் என்று அவனுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் மனைவி மாலதியும் மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு வாடகை அறைக்குள் இருந்தார்கள். அவர்கள் விசாவுக்குப் போடுவதும் அது நிராகரிக்கப்படுவதுமாக வருஷங்கள் ஓடின. அவன் புறப்பட்டபோது மகள் தாயின் வயிற்றில் இருந்தாள். அந்தப் பிள்ளைக்கு அப்பா என்றால் தொலைபேசிக்குள் இருமுகிற ஒரு ஆள். (சிவனேசனுக்கு அழுகை வந்தால் இருமுவான்.)

தொகுதி எம்.பி. வெள்ளிக்கிழமைகளில் நூலகத்தில் வந்து இருப்பார், போய்ச் சொல் என்று பலர் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். எம்.பி. ஆளும் கட்சி. சிவனேசன் என்னிடம் கேட்டான்.

“பொறு தம்பி,” என்றேன். “அவையள் போற ஆக்கள். போற ஆக்களிட்டைப் போய் என்னத்தைக் கேக்கிறது? தேர்தல் முடியட்டும். வாற ஆக்களின்ர கதவைத் தட்டுவம்.”

“ஓம் அண்ணை,” என்றான். நான் பேப்பர் வாசிக்கிறவன் அல்லவா.

சொன்னதற்கு ஏதாவது செய்ய வேண்டுமே. எதிர்க்கட்சியின் உள்ளூர் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, எங்கள் ஆட்கள் ஒரு வரவேற்பு வைக்கிறோம், தலைவர் வர வேண்டும் என்று கேட்டேன். தலைவர் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்தப் பக்கம்தான் வருகிறார், நேரம் இருந்தால் எட்டிப்பார்க்கக்கூடும் என்றார்கள். நான் எல்லோருக்கும் “தலைவர் வாறார்” என்று அறிவித்தேன். ‘நேரம் இருந்தால்’ என்பது வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. தலைவர் வந்ததும் சிவனேசன் முன்னால் போய் ஒரே ஒரு வசனம் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. “ஐயா, என் மனைவியும் மகளும் காத்திருக்கிறார்கள்.” பால் போத்தல்களை அடுக்கும்போதெல்லாம் அதை இங்கிலீஷில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

மேடைக்கு ஒரு படம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஆட்களுக்குப் படம் அடித்துக் கொடுக்கிறவர் ஒருவர் இருந்தார். செத்தவர்களின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிப்பதுதான் அவருடைய முக்கியத் தொழில். பேப்பரில் வந்த தலைவரின் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“கலரோ, கறுப்பு வெள்ளையோ அண்ணை?”

“கறுப்பு வெள்ளை. அதுதான் கம்பீரம்.”

அவர் பழக்கதோஷத்தில், “கீழ தோற்றம் எண்டு போட்டு திகதி போடவோ?” என்று கேட்டார்.

“தோற்றம் வெள்ளிக்கிழமை காலமை, டிவியில,” என்றேன். இருவரும் சிரித்தோம். அந்த இடத்தில் ஒரு சின்ன மணியாவது எனக்குள் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. கனமான கறுப்புச் சட்டம் போட்டு, துடைத்துத் தந்தார்.

தலைவரின் கழுத்தில் போட மாலை வாங்க அப்டன் பார்க் போனேன். கிரீன் ஸ்ட்ரீட்டில் நல்ல ரோசாப்பூ மாலை கட்டுவார்கள். நெஞ்சுவரை தொங்கும் மாலை. பெட்டியில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு லண்டனின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ரயிலில் வந்தேன். எதிரில் இருந்த ஒரு கறுப்பின மூதாட்டி வாசம் பிடித்துவிட்டு, “கல்யாணமா, சாவா?” என்று கேட்டார்.

“தேர்தல்,” என்றேன் பெருமையாக.

“அப்படியென்றால் இரண்டும்தான்,” என்றார்.

அந்த வாசகத்தையும் பொறுக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மண்டபம் கவுன்சிலுடையது. காலையில் அங்கே குத்துச்சண்டை பழகுகிறார்கள் என்பதால் வியர்வை நாற்றம் சுவரிலேயே ஊறியிருந்தது. என் மனைவி வசந்தா மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி மேடையில் வைத்தாள். பிறகு வடை சுடச் சமையலறைக்குள் போய்விட்டாள். மேடையில் இருந்த ஒரேயொரு மேசைக்கு வெள்ளைத் துணி விரித்துப் படத்தை நிமிர்த்தி வைத்தேன். குத்துவிளக்கைத் திரைச்சீலைக்குக் கிட்ட வைத்தால் தீப்பிடிக்கும் என்று மண்டபக் காவலாளி கத்தியதால், பெண்கள் அதைத் தூக்கி மேசைக்கு முன்னால் வைத்தார்கள். தலைவரின் மேல் தூவி வரவேற்க என்று ஒரு தட்டு நிறையப் பூவிதழ். அதற்கும் இடம் அந்த மேசைதான்.

அப்போதுதான் போன் வந்தது. தலைவருக்கு நேரமில்லையாம். பதிலாகக் கட்சியின் தொகுதி வேட்பாளர் வருவாராம், வந்துகொண்டிருக்கிறாராம்.

நான் கையில் மாலையோடு நின்றேன். பெட்டி நசிந்து போயிருந்தது. நாற்காலியில் வைத்தால் யாராவது மேலே இருந்துவிடுவார்கள். மற்ற இடமெல்லாம் வடைத் தட்டுகள். வேட்பாளர் வரும்வரை பூ கசங்காமல் இருக்கட்டும் என்று, சட்டத்தின் இரண்டு மூலையிலும் மாட்டித் தொங்கவிட்டேன். என்ன அழகாக அமைந்தது தெரியுமா, அளவெடுத்துக் கட்டினது மாதிரி! அப்படியே விட்டுவிட்டு வேட்பாளரை எதிர்கொள்ளத் தெருவுக்கு ஓடினேன்.

நிகழ்ச்சியை நடத்த குட்மேய்ஸிலிருந்து சண்முகம் சேர் வந்திருந்தார். மலேசியாக்காரர், படிக்க வந்து கணக்காளராகி இங்கேயே தங்கிவிட்டவர். ஒலிவாங்கியைப் பிடித்தால் அவருக்கு ஒரு துக்கக் குரல் வரும். பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாலும் அப்படித்தான்.

“நீ வாசல்ல போய் நில்லு குணம். உள்ள நான் பார்த்துக்கிறேன். டென்ஷன் ஆவாத லா,” என்றார்.

எங்கள் ஆட்களின் எந்தக் கூட்டமும் இரண்டு காரியம் இல்லாமல் தொடங்காது. அரங்கேற்றமாக இருந்தாலும், பழைய மாணவர் ஒன்றுகூடலாக இருந்தாலும், முதலில் விளக்கேற்றல், பிறகு அகவணக்கம். போரில் போனவர்களுக்காக எழுந்து தலைகுனிந்து நிற்கிற ஒரு நிமிட மௌனம். அந்த வருஷம் போருக்கு மேலே கடலும் சேர்ந்திருந்தது. முந்தின மார்கழியில் கடல் ஏறிவந்து கொண்டுபோனதில் உறவு யாரையும் இழக்காத வீடு எங்களுக்குள் குறைவு.

வேட்பாளர் வந்திறங்கினார். நெடுத்த மனிதர். சப்பாத்து அடி தேய்ந்து, முகமும் அதேபோலத் தேய்ந்திருந்தது. கூட ஒரு இளம்பெண் உதவியாளர், கைபேசியும் கையுமாக. நான் ‘வெற்றி வேட்பாளரே வருக’ என்கிற தோரணையில் கதவைத் திறந்தேன்.

உள்ளே இருநூறு பேர் எழுந்து, தலைகுனிந்து நின்றார்கள். மூச்சுச் சத்தம் இல்லை. மேடையில் ஊதுபத்திப் புகை. புகைக்குள் குத்துவிளக்கு எரிகிறது. விளக்குக்குப் பின்னால், வெள்ளைத் துணியில், கறுப்புச் சட்டத்துக்குள், நெஞ்சுவரை ரோசாப்பூ மாலையோடு எதிர்க்கட்சித் தலைவர் எங்கள் எல்லோரையும் பார்த்து மெல்லப் புன்னகைக்கிறார்.

எங்களில் ஒருவருடைய படத்துக்கு மாலை எப்போது ஏறும் என்று வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். எனக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். அந்தக் கணத்தில்தான் மறுபடியும் தெரியவந்தது.

வேட்பாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தமும் வடிந்தது. மெதுவாகத் தலையைக் குனிந்தார். உதவியாளப் பெண் வெளியே ஓடிப்போய்ப் போனில், “அவர் எங்கே? இல்லை, இல்லை, எங்கே என்று கேட்கவில்லை. *எப்படி* இருக்கிறார்?” என்று கேட்பது எனக்குக் காதில் விழுந்தது.

சிரிக்க முடியவில்லை. சத்தியமாக முடியவில்லை. ஏனென்றால் அந்த மௌனம் பொய்யில்லை. முன்வரிசையில் நின்ற பெண் தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய தங்கச்சியின் முழுக் குடும்பத்தையும் கடல் கொண்டுபோயிருந்தது. சிவனேசன் சுவரோரம் நின்று இருமினான். அவனுக்கு ஒரு மூத்த தமையன் இருந்தவன். போரில் எங்கே விழுந்தான் என்றுகூட வீட்டுக்குத் தெரியாது. மாலைக்குள் இருந்த வெள்ளைக்காரரைத் தவிர மற்ற எல்லோருக்காகவும் அந்த மண்டபம் அழுதது.

நிமிடம் முடிந்தது. நான் மேடைக்கு ஓடி மாலையை உருவிவிடலாம் என்று நினைப்பதற்குள் சனம் வரிசைகட்டிவிட்டது. அகவணக்கத்துக்குப் பிறகு படத்துக்குப் பூப் போடுவது எங்கள் வழக்கம். படம் இருந்தது, தட்டில் பூவும் இருந்தது. கால்கள் தாமாகவே நடந்தன. இருநூறு பேரும் ஒவ்வொருவராக வந்து எதிர்க்கட்சித் தலைவருக்குப் பூப்போட்டுக் கைகூப்பினார்கள். சிலர் அப்படியே பக்கத்துக் கதவால் போய்விட்டார்கள். செத்த வீட்டில் ‘போயிட்டு வாறம்’ என்று சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாதே. வடையும் தொடவில்லை. யாரோ வேட்பாளரின் கையிலும் ஒரு பிடி பூவை வைத்தார்கள். அவரும் வரிசையில் போய்த் தன் தலைவருக்குப் பூப் போட்டார்.

வசந்தா வடைத் தட்டோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

“இஞ்சாருங்கோ, ஆர் செத்தது?”

“ஒருத்தரும் சாகேல்லை!”

“அப்ப ஏன் அந்த மனுசனுக்கு மாலை போட்டிருக்கு?”

“நசியாமல் இருக்கத்தான் போட்டனான்.”

“உங்களை வைச்சுக்கொண்டு நான்...” என்று தொடங்கி, சபை நாகரிகம் கருதி முடிக்காமல் விட்டாள். (வீட்டில் முடித்தாள்.)

சண்முகம் சேர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, “ஏன்பா, படம் முதல்லயே இருந்துச்சு, நான் புதுசா யாரோ மாவீரர்னு நினைச்சேன் லா. கண்ணாடி கொண்டுவரல,” என்றார்.

வேட்பாளர் என்னிடம் வந்தார். “எப்போது நடந்தது? எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே.”

ஆயிரம் தலையங்கம் வாசித்த என் இங்கிலீஷ் அந்த நேரம் பார்த்து என்னைக் கைவிட்டது. “இல்லை ஐயா, அவர் உயிரோடுதான் இருக்கிறார்,” என்றேன். “படம் மட்டும்தான் செத்துவிட்டது.”

அவர் என்னையே பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன். கட்சியை அவமானப்படுத்திவிட்டோம், இனி சிவனேசனை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அவனைப் பார்த்தேன். பாடமாக்கிய வசனம் அவன் வாயில் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவன் முன்னால் வந்தான். உடைந்த இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்திச் சொன்னான். தமிழில் அது இப்படி வரும்: “ஐயா, இந்த அண்ணைக்குப் பிழை வந்துவிட்டது. பூ உங்கள் ஆளுக்கு இல்லை. என் தமையனுக்கு. அந்த அக்காவின் தங்கச்சிக்கு. எங்களிடம் அவர்களின் படம் இல்லை. அதனால் எந்தப் படம் இருக்கிறதோ அதற்குப் போடுகிறோம்.” பிறகு இருமினான். பிறகு, “என் மனைவியும் மகளும் உயிரோடு இருக்கிறார்கள். காத்திருக்கிறார்கள்,” என்றான்.

வேட்பாளர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவனை இருத்தி, தானும் எதிரில் இருந்தார். வசந்தா வடையை நீட்டினாள். சிவனேசன் எல்லாவற்றையும் சொல்ல, அவர் தின்னாமல் வடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் மேடையைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவருக்குச் சிரிப்பு வந்தது. களைத்த மனிதனுக்கு வரும் சிரிப்பு, நிறுத்த முடியாத சிரிப்பு.

“வாரக்கணக்காகக் கதவு தட்டுகிறேன்,” என்றார். “எல்லோரும் நன்றாகப் பேசிவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் உண்மையைச் சொல்வதில்லை. நீங்கள்தான் மாலை போட்டுச் சொல்லியிருக்கிறீர்கள்.” பிறகு சிவனேசனிடம் குனிந்து, “நாங்கள் தோற்கிறோம். அவரும், நானும். எங்களுக்காகக் காத்திருந்தால் உங்கள் மகள் வளர்ந்துவிடுவாள். உங்கள் எம்.பி.யிடம் போங்கள்,” என்றார்.

சிவனேசன் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டது அவனுடைய பெருந்தன்மை.

“நானும் கூட வருகிறேன்,” என்றார் வேட்பாளர். “தோற்றவன் வந்து கேட்டால் வென்றவருக்கு இல்லை என்று சொல்லக் கஷ்டமாக இருக்கும்.”

வியாழக்கிழமை வாக்குப் போட்டோம். தலைவர் தோற்றார். வேட்பாளரும் தோற்றார். வெள்ளிக்கிழமை கடையில் நான் டிவி முன்னால் நின்றபோது, தலைவர் பதவியையும் விட்டுவிடப் போவதாகத் தலைவர் அறிவித்தார். பின்னால் நின்ற வசந்தா நிதானமாகச் சொன்னாள்: “நாங்கள்தான் ஞாயிற்றுக்கிழமையே செத்தவீட்டைச் செய்து முடிச்சிட்டமே.”

அடுத்து எம்.பி. நூலகத்தில் வந்து இருந்த முதல் வெள்ளிக்கிழமை, தோற்ற வேட்பாளர் சொன்னபடியே வந்தார். வரிசையில் சிவனேசனுக்குப் பக்கத்தில் சாதாரண ஆள் மாதிரிக் குந்தியிருந்தார். நானும் போயிருந்தேன், வாய் திறப்பதில்லை என்ற உறுதிமொழியின் பேரில். எம்.பி. கதவைத் திறந்து தன் எதிராளியைக் கண்டதும் ஒரு கணம் திகைத்தார். பிறகு கதவை அகலத் திறந்து பிடித்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்த சிவனேசன் இருமிக்கொண்டு வந்தான்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. கடிதம், பதில், மறுபடி கடிதம் என்று ஒரு மாரிகாலம் முழுதும் போனது. ஒருநாள் விசா வந்தது.

ஹீத்ரோவுக்கு என்னையும் கூப்பிட்டான். “வாங்கோ அண்ணை. ஆனா வெறுங்கையோட வாங்கோ,” என்றான். வெறுங்கையோடு போனேன். பெட்டி தள்ளிக்கொண்டு வந்த மாலதியின் சேலைக்குப் பின்னால் பிள்ளை ஒளிந்துகொண்டாள். சிவனேசன் முழங்காலில் இருந்தான். பேச வாயெடுத்தவனுக்கு இருமல்தான் வந்தது. அந்த இருமலைக் கேட்டதும் பிள்ளை தலையை நீட்டி எட்டிப்பார்த்தாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மாலதி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “நீங்கள்தானே மாலை அண்ணை? இவர் போனில சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். எத்தினையோ வருசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் இவர் சிரிச்சு நான் கேட்டது.”

அன்றிலிருந்து நான் மாலை அண்ணை. பிள்ளைகளுக்கு மாலை மாமா. என் மகள் கார் ஓட்டும் சோதனைக்குப் போன அன்று, “அப்பா, ப்ளீஸ், என்ர படம் ஒண்டையும் தொடாதேங்கோ,” என்று கும்பிட்டுவிட்டுத்தான் போனாள். சண்முகம் சேர் எப்போது போன் எடுத்தாலும் முதல் கேள்வி, “நான் இன்னும் இருக்கேனா குணம்?”

கடையை விற்றுவிட்டேன். பேப்பர் இப்போது காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதால் அறிவும் கொஞ்சம் குறைந்துவிட்டது. சிவனேசனின் மகள் வளர்ந்து, முதன்முதலாக வாக்குப் போடும் வயது வந்தபோது வீட்டுக்கு வந்தாள்.

“மாலை மாமா, இந்தமுறை ஆர் வெல்லுவினம்?”

வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். “எனக்கென்ன பிள்ளை தெரியும்,” என்றேன்.

சமையலறைக்குள்ளிருந்து வசந்தாவின் குரல் வந்தது: “அவரிட்டை வாயால கேக்காதை பிள்ளை. ரெண்டு தலைவர்மாரின்ர படத்தையும் கொண்டுவந்து குடு. எந்தப் படத்துக்கு மாலை போடுறார் எண்டு பாத்து, மற்ற ஆளுக்கு வாக்கைப் போடு.”